ஈ உட்கார்ந்த இலை

வெள்ளைச் சுவரில் ரோஸ் நிறத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் இருந்தன.

தன் கை பட்டிருக்கும் என்றுதான் பூர்ணிமா முதலில் நினைத்தாள். அந்தச் சோதனை அறையில் ரோஸ் மை படாத இடம் கிடையாது. சூளையில் வெந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் தட்டுக்கு ஒன்றை எடுத்துச் சுத்தியலால் உடைக்க வேண்டும். சில்லுகளை மைத்தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் கழுவிப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்த பீங்கான் மையைக் குடிக்காது. வேகாதது குடிக்கும். உடைந்த முகத்தில் ரோஸ் நிறம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தத் தட்டு முழுவதும் கழிவு. விருத்தாசலத்தில் இருக்கிற எத்தனையோ சின்னப் பீங்கான் பட்டறைகளில் ஒன்றில், மூன்று வாரமாக அவளுக்கு இதுதான் வேலை.

ஆனால் இந்தப் புள்ளிகள் கடுகில் பாதிகூட இல்லை. தையல்காரர் ஓட்டுத் தையல் போட்டதுபோல, மைத்தொட்டியின் விளிம்பில் தொடங்கி, மேசையைக் கடந்து, சுவரில் ஏறி, காலண்டரின் ஓரமாக வளைந்து, ஜன்னல் வரை போயிருந்தன. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த லென்ஸை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புள்ளியல்ல. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

தொட்டியின் மூடி இரண்டு விரல் அகலம் விலகியிருந்தது. நேற்று சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவள்தான் சரியாக மூடவில்லை.

தொட்டியருகே புள்ளிகள் ரத்தம்போல அடர்ந்திருந்தன. மேசையில் கொஞ்சம் தெளிந்து, சுவரில் வெளிறி, ஜன்னல் சட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டிருந்தன. அடர்ந்த பக்கம் புறப்பட்ட இடம். வெளிறிய பக்கம் போய்ச் சேர்ந்த இடம்.

ஈ.

நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டில் மேடம் ஒரு ஈயைப் பிடித்து, ஊட்டக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுக்குள் விட்டு மூடினார்கள். அது ஐந்து நிமிடம் நடந்தது. நின்று, முன்னங்கால்களைத் தேய்த்து, வாயிலிருந்து ஒரு துளியை வெளியே விட்டு, மறுபடி உறிஞ்சிக்கொண்டது. ஈக்குப் பல் கிடையாது என்றார்கள் மேடம். எதன்மேல் உட்கார்ந்தாலும் முன்பு தின்றதைக் கொஞ்சம் கக்கி, அதைக் கரைத்துத்தான் குடிக்கும். மறுநாள் தட்டைத் திறந்தபோது அது நடந்த வழியெல்லாம் வெண்மஞ்சள் கொப்புளங்களாக முளைத்திருந்தது. கால் வைத்த இடத்தில் ஒன்று. கக்கிய இடத்தில் கொத்தாக. புளித்த வாடை. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறக்கும் பூர்ணிமா, அதன் பிறகு ஒரு மாதம் தயிர்ச் சோறு சாப்பிடவில்லை.

மூடியை இழுத்துப் பொருத்தி அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தாள். மணி பதினொன்று.

பிறகு, தேட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தேடினாள்.

தண்ணீர் டிரம்மின்மேல் கவிழ்த்திருந்த டம்ளரில், வாய் வைக்கும் விளிம்பில், ஆறு புள்ளிகள். அச்சு வார்க்கும் கொட்டகையில் அன்பரசி அக்காவின் சாப்பாட்டுத் தூக்கில் நான்கு. அக்காவின் குழந்தைக்குக் கட்டியிருந்த புடவைத் தூளியின் கயிற்றில் ஒன்று. தூளிக்குக் கீழே வைத்திருந்த பால் பாட்டிலின் ரப்பர் நுனியில் ஒன்று.

யாருக்கும் தெரியாமல் பாட்டிலை எடுத்துப் போய் வெந்நீரில் கழுவி, அதே இடத்தில் வைத்தாள். சொல்லலாம். சொன்னால், தொட்டியை மூடாமல் போனது யார் என்று வரும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கொட்டகைக்குப் பின்னால், களிமண் ஊறும் தொட்டிகளையும் தாண்டி, மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. மூன்று நாளாகியிருக்கும். வயிறு பலூனாக ஊதி, தோல் ஒரு பக்கம் விட்டுப்போய், உள்ளே ஏதோ கஞ்சி கொதிப்பதுபோல நெளிந்துகொண்டிருந்தது. இனிப்பும் மலமும் கலந்த ஒரு வாடை தொண்டையில் வந்து ஒட்டியது. துப்பினாலும் போகவில்லை. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓரடி முன்னால் போனாள்.

நாயின் உதடு பின்னிழுத்திருந்தது. மஞ்சள் பல்லின்மேல் ரோஸ் நிறத்தில் மூன்று புள்ளி. மூன்று புள்ளி.

*

ஐப்பசி மழையில் வார்த்த கட்டைகள் காயாமல் சூளை ஒரு வாரமாக எரியவில்லை. இன்றைக்குத்தான் மறுபடி நெருப்பு வைத்திருந்தார்கள். இடைவெளி விட்டு நெருப்பு வைத்தால் சூளை முனிக்குப் படையல் போடுவது இந்தப் பட்டறையில் வழக்கம்.

பாவாடை என்ற சூளைக்காரர், குளித்து நீறு பூசி, சூளை வாயின் பக்கத்தில் தலைவாழை இலை போட்டார். சோற்றைக் குவித்தார். கருவாட்டுக் குழம்பு, கோழிக் கறி, அவித்த முட்டை, வடை, ஒரு ஓரத்தில் சர்க்கரைப் பொங்கல்.

"போன தடவ முட்டைய காணும்" என்றாள் தங்கம்மாள். அச்சிலிருந்து எடுத்த கட்டைகளைச் சீவித் துடைக்கும் பெண்களில் அவள்தான் மூத்தவள். "முனி தின்னுச்சா, பாவாட தின்னுச்சான்னு சூளைக்குத்தான் வெளிச்சம்."

"ஒன் வாய்ல மண்ண வெச்சி அடைச்சாத்தான் இந்தச் சூளை ஒழுங்கா எரியும்" என்றார் பாவாடை.

"அடைங்க. இங்க மண்ணுக்கா பஞ்சம்?"

பெண்கள் சிரித்தார்கள். பூர்ணிமா சிரிக்கவில்லை. அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையை மூடக் கூடாது. விசிறக் கூடாது. முதல் ஈ வந்து உட்கார்ந்தால் முனி சாப்பிட வந்துவிட்டார் என்று அர்த்தம். சாயங்காலம் சூளைத் துளையில் தெரியும் சிவப்பு மஞ்சளாக மாறியதும் இலையை எடுப்பார்கள். பட்டறையில் இருப்பதிலேயே சின்ன வாய்க்கு முதல் உருண்டை. பிறகுதான் மற்றவர்களுக்கு.

சின்ன வாய் என்றால் தமிழினி. அன்பரசியின் குழந்தை. பதினோரு மாதம்.

பன்னிரண்டு மணிக்குப் போட்ட சோறு. ஐந்து மணி வரை. சூளைச் சுவர் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். உடம்புச் சூடு. கல்லூரி ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பெட்டிக்குள் கை விட்டால் இருக்குமே, அதே சூடு. இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஐந்து மணி நேரத்தில் எத்தனை என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. சால்மொனெல்லா. ஷிகெல்லா. பரீட்சையில் எழுதிய பெயர்கள். பதினோரு மாதக் குழந்தையின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கும், அது வற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் படித்திருக்கிறாள்.

சாப்பாட்டு வேளையில் குழாயடியில் அன்பரசியிடம் போய் நின்றாள்.

"அக்கா."

"சொல்லு பூர்ணிமா."

"பாப்பாவுக்கு... அந்தச் சோறு வேணாமேக்கா. எங்கிட்ட பருப்பு சாதம் இருக்குது. அத ஊட்டலாம்."

அன்பரசி அவளைப் புரியாமல் பார்த்தாள். "ஏழு வருசங் கழிச்சிப் பொறந்தது இது. இந்த முனிகிட்ட மடியேந்துனதுக்கு அப்புறந்தான் வயித்துல தங்குச்சி. மொத உருண்ட எம்பொண்ணுக்குன்னு நானே வேண்டிக்கிட்டு இருக்கறன்."

"ஈ உக்காரும்க்கா."

பின்னாலிருந்து தங்கம்மாளின் சிரிப்பு வந்தது. "ஈ குந்துனாதாண்டி சாமியே வருது. படிச்ச புள்ள ஈய கண்டு பயப்படுது பாரு. எங்க வூட்ல ஈ குந்தாத சோத்த நாங்க தின்னதே கெடையாது. எட்டு புள்ள பெத்தேன்."

பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அஞ்சு நிக்குதில்ல?" என்றாள் தங்கம்மாள், தட்டைக் கழுவிக்கொண்டே.

*

இரண்டு மணிக்கு எல்லோரும் கொட்டகை நிழலில் கண்ணசந்தார்கள். பாவாடை விறகுப் பக்கம் போயிருந்தார். பூர்ணிமா மண் சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போனாள். இலையில் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. சல்லடையை அதன்மேல் கவிழ்த்தாள். இழை நெருக்கமான சல்லடை. எறும்புகூட நுழையாது.

அறைக்குத் திரும்பியபோது பல நாளைக்குப் பிறகு பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டாள். சாயங்காலம் யாரும் பார்க்காமல் எடுத்துவிட்டால் போதும்.

ஆனால் மூன்றரை மணிக்கே பாவாடையின் குரல் கேட்டது.

"எவ பாத்த வேல இது?"

எல்லோரும் சூளை வாயில் கூடியிருந்தார்கள். சல்லடை அவர் கையில் இருந்தது. "பசியோட வந்த முனி பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்குது. தீ உள்ள போவாம வெளிய பொகையுது, பாருங்க. எவ மூடுனது?"

பூர்ணிமாவுக்குக் காது மடல் கொதித்தது. இப்போது சொல்லிவிடலாம். நான்தான் அண்ணே. அந்தச் சோற்றை யாரும் சாப்பிடக் கூடாது அண்ணே. இரண்டே வாக்கியம். அவை வாய்க்குள் உருண்டு, பல் வரை வந்து, உள்ளே போய்விட்டன.

"அழைச்சாத்தான் வரும் இனிமே" என்றாள் தங்கம்மாள். அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "வெல்லத் தண்ணி தெளிங்க."

வெல்லத்தைக் கரைத்தார்கள். சோற்றின்மேல், கறியின்மேல், பிளந்த முட்டையின்மேல் தெளித்தார் பாவாடை. வெல்ல நீர் கருவாட்டுக் குழம்போடு கலந்து இலை நரம்பில் வழிந்தது. அதன் மேல் மெல்லிய ஆடை கட்டியிருந்தது. புளிக்கத் தொடங்கிய வாடை.

காத்திருந்தார்கள்.

ஒரு ஈகூட வரவில்லை.

அப்போதுதான் பூர்ணிமா கவனித்தாள். காலையிலிருந்து கொட்டகை முழுவதும் இருந்த ரீங்காரம் இல்லை. டீக்கிளாசில் இல்லை. குழாயடியில் இல்லை. கழுவாத தட்டில் இல்லை. ஆள்கள் மூச்சு விடுவது கேட்டது. சூளைக்குள் நெருப்பு இழுப்பது கேட்டது. தூரத்தில் ஜங்ஷனில் ஏதோ வண்டி நீளமாக ஊதியது. தூளியில் தமிழினி ஒரு முறை சிணுங்கிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு பின்பக்கமிருந்து வந்தது.

முதலில் மோட்டார் ஓடுவதுபோல. களிமண் தொட்டிகளுக்கு அப்பால். பள்ளத்திலிருந்து. சத்தம் தாழ்வாக, தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. சத்தத்துக்கு முன்னால் அந்த வாடை வந்தது. இனிப்பும் மலமும்.

இலை கறுத்தது.

கண் இமைக்கும் நேரம்தான். வெள்ளைச் சோற்றைக் காணவில்லை. முட்டையைக் காணவில்லை. கறுப்பாக ஒன்று இலையில் மூச்சு வாங்கியது. பாவாடை கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் கும்பிட்டார்கள். அன்பரசியின் கண்ணில் நீர் தளும்பியது.

"வந்துட்டாரு" என்றாள் தங்கம்மாள்.

பூர்ணிமாவுக்கு மட்டும் இன்னொரு சத்தம் கேட்டது. ரீங்காரத்துக்கு அடியில். ஈரமாக. நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள் நாயைக் கக்கி, சோற்றைக் கரைத்து, உறிஞ்சிக்கொள்ளும் சத்தம். அப்படிக் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கேட்டது.

*

ஐந்து மணிக்குத் துளையில் சிவப்பு மஞ்சளாயிற்று.

பாவாடை இலைக்கு மேல் கையை நீட்டினார். ஈக்கள் பறக்கவில்லை. அவர் விரல் உள்ளே நுழைந்த இடத்தில் மட்டும் விலகி, புறங்கையில் ஏறி, மணிக்கட்டு வரை போயின. சோற்றைப் பிசைந்தார். கறியைப் பிய்த்துச் சேர்த்தார். எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை. வெள்ளை உருண்டை. வெள்ளையில் ரோஸ் நிறப் புள்ளிகள்.

மைத்தொட்டியைப் பூர்ணிமா பதினொரு மணிக்கே மூடிவிட்டாள். செங்கல் வைத்தாள். காலில் ஒட்டிய மை இத்தனை மணி நேரம் ஈரம் தாங்காது. இது ஈரமாக இருந்தது. புது மை.

"பாப்பாவ தூக்கியா" என்றார் பாவாடை.

அன்பரசி தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். நெற்றியில் நீறு வைத்தாள். தமிழினி தூக்கக் கலக்கத்தில் எல்லோரையும் பார்த்து, ஈறு தெரியச் சிரித்தாள். கீழே இரண்டு பல்.

இப்போது.

இப்போது சொல்லியாக வேண்டும். பூர்ணிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

உள்ளே ஒன்று போயிற்று.

நாக்கின் மேல். ஆறு கால். நடந்தது. தொண்டையின் ஓரத்தில் இறகு அடித்துக்கொண்டது. இருமினாள். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தண்ணி குடும்மா அதுக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

கண்ணீரின் ஊடே பார்த்தாள். உருண்டை. சின்ன வாய். தமிழினி சப்புக்கொட்டினாள். இனிப்பாக இருந்திருக்கும். இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள்.

பெண்கள் குலவையிட்டார்கள்.

பூர்ணிமா சோதனை அறைக்கு ஓடி வாஷ்பேசினில் துப்பினாள். எச்சில். பித்தம். ஈ வரவில்லை. மறுபடி துப்பினாள். வெள்ளைப் பீங்கானில் எச்சில் ரோஸ் நிறமாக வழிந்தது.

திரும்பி மைத்தொட்டியைப் பார்த்தாள். செங்கல் வைத்த இடத்தில் இருந்தது. மூடி பொருத்தமாக இருந்தது. திறந்தாள். மை காலையில் இருந்த கோட்டில் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

*

ஆறரைக்கு இருட்டியது. திட்டக்குடி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மற்றவர்கள் சூளைக்கு அந்தப் பக்கம் வட்டமாக உட்கார்ந்து படையலைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கம்மாள் முட்டையை எண்ணிப் பார்த்து ஏதோ சொல்ல, சிரிப்பு வெடித்தது.

"பூர்ணிமா, அங்கதான் இருக்கறியா?" அன்பரசியின் குரல். "பாப்பா தூங்குது. ஒரு கண்ணு பாத்துக்க."

கொட்டகையில் குண்டு பல்பு ஒன்று எரிந்தது. தூளி ஆடாமல் தொங்கியது.

காலையில் பார்த்தபோது தூளிக் கயிறு வெள்ளை நைலான். இப்போது கறுப்பாக, இரண்டு விரல் தடிமனாக இருந்தது. கிட்டே போனபோது தெரிந்தது. இருட்டினால் ஈ பறக்காது. தொங்குகிற எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். அதையும் படித்திருக்கிறாள். கூரை முதல் முடிச்சு வரை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு சத்தம் இல்லை. எல்லாத் தலைகளும் கீழே, தூளியைப் பார்த்து.

செல்போன் டார்ச்சைப் போட்டாள். புடவையை விலக்கினாள்.

தமிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு ஏறி இறங்கியது. வயிறு ஊதியிருந்தது. காதோரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு வரிசை. இருக்கிறதா இல்லையா என்று. வெளிறி.

பூர்ணிமா வெளிச்சத்தை நகர்த்தினாள்.

கன்னத்தில் கொஞ்சம் தெளிவாக. மூன்று. மூன்று. மூக்கருகே இன்னும் தெளிவாக. உதட்டோரத்தில் ரத்தம்போல. ஈரமாக.

அடர்ந்த பக்கம் புறப்பட்ட இடம்.

"முழிச்சிக்கிச்சா?" அன்பரசி அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "பூர்ணிமா? ஏன் பேச மாட்டேங்கற?"

பூர்ணிமா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், நாக்கின் அடியில், மெதுவாக, ஆறு கால் நடந்தது. அதன் பின்னால் இன்னொரு ஆறு.

தமிழினி கண்ணைத் திறக்கவில்லை. அழுவதற்காக வாயை மட்டும் திறந்தாள். அழுகை வரவில்லை. தொண்டையின் அடியிலிருந்து ஒரு மோட்டார் ஓடுவதுபோல, தாழ்வாக, சத்தம் மேலேறி வந்தது. இரண்டு சின்னப் பல்லின் மேலும் முன்னங்கால் வைத்து, முதல் ஈ வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. கால்களைத் தேய்த்துக்கொண்டது.